பட்டறையா, பயிற்சிப் பள்ளியா?

படூரிலிருந்து தோழர் ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டிட வேலை செய்பவர். கிளைக் கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுபவர். கூட்டம் முடிந்த பின் கடைசி ஆளாக விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர். நாட்டுப் பிரச்னை எதையும் அவர் இம்முறை எழுதவில்லை. வீட்டுப் பிரச்னையை எழுதியிருக்கிறார்.

"மகன் பத்தாம் வகுப்பில் தேறிவிட்டான். எஞ்சின் என்றால் அவனுக்கு உயிர். டீசல் மெக்கானிக் ஆகவேண்டும் என்கிறான். என் மைத்துனர் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். 'நாளைக்கே அனுப்புங்க மாமா, ஆறு மாசத்தில் கை பழகிடும்' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, 'ஐ.டி.ஐ.யா? கடனை வாங்கியாவது இஞ்சினீயர் ஆக்கப் பாரய்யா' என்கிறார். தனியார் பயிற்சி நிலையத்தின் ஆள் ஒருவர் வண்ணத் தாளைக் கையிலே கொடுத்து, 'ஆறே மாதம், வேலைக்கு நாங்கள் பொறுப்பு' என்று பணம் கேட்கிறார். யார் பேச்சைக் கேட்பது? நம் பத்திரிகை ஒரு வழி சொல்லவேண்டும்."

இதுதான் கடிதம். ஒரு வீட்டுக் கேள்வி என்று இதை நாம் ஒதுக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்திலே தமிழ்நாட்டின் உழைப்பாளர் வீடுகளிலே எழும் கேள்வி இது. அந்த ஒரு வாரத்திலே எடுக்கும் முடிவு, அந்தப் பிள்ளையின் நாற்பது ஆண்டுக் கூலியை முடிவு செய்துவிடுகிறது. ஆகவே விரிவாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சாலையோரத்துச் சேதி

படூர் எங்கே இருக்கிறது? சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் பழைய சாலையிலே, நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையிலே இருக்கிறது. கிழக்கே போனால் கழி. கழியைத் தாண்டினால் கோவளம், கடல். பக்கத்திலே சிறுசேரி, சிப்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. 1985-ம் ஆண்டு தொடங்கிய பொறியியல் கல்வி நிலையம் ஊரிலேயே இருக்கிறது. இன்று அது நிகர்நிலைப் பல்கலைக் கழகம். 2019 நவம்பரிலே காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கற்பட்டு மாவட்டத்திலே, வேகமாக வளர்ந்த பகுதி இதுதான் என்று ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள்.

வளர்ந்தது சாலை. வளர்ந்தது கட்டிடம். அந்தச் சாலையோரத்திலே பிறந்த பிள்ளை வளர்ந்தானா என்பதுதான் நம் கேள்வி. கண்ணாடி மாளிகையின் வாசலிலே காவலுக்கு நிற்பவனாகவும், உள்ளே தரை துடைப்பவனாகவும், மாடி மாடியாகச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவனாகவும் மட்டுமே உள்ளூர்ப் பிள்ளை நிற்பானேயானால், அதை வளர்ச்சி என்று எப்படி ஒப்புக்கொள்வது?

அதே மாளிகையின் பின்புறத்தைப் பாருங்கள், தோழர்களே! மின்சாரம் நின்ற மறு கணம், அங்கே கொட்டகைக்குள்ளே ஒரு டீசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்குகிறது. அது உறுமாவிட்டால் கணினி இல்லை, குளிர்சாதனம் இல்லை, மின்தூக்கி இல்லை. சாலையிலே போகும் தண்ணீர் லாரி, மண் லாரி, கல்லூரிப் பஸ், பள்ளம் தோண்டும் இயந்திரம், கான்கிரீட் கலவை வண்டி, திருப்போரூர் வயலிலே உழும் டிராக்டர், கோவளத்துக் கரையிலிருந்து கிளம்பும் படகு ஆகியவற்றிலே பெரும்பாலானவற்றை ஓட்டுவது டீசல். இத்தனை எஞ்சின்களும் ஒரு நாள் நிற்கும். நின்றதை ஓடவைக்க ஒருவன் வரவேண்டும். வருகிறவன் படூர்ப் பிள்ளையாக இருக்கலாகாதா? அவன் சம்பளத்துக்குக் கெஞ்சுகிறவனாக இல்லாமல், 'நான் வந்தால்தான் ஓடும்' என்று நிமிர்ந்து சொல்கிறவனாக இருக்கலாகாதா?

இருக்கலாம். ஆனால் அதற்கு அவன் எந்த வழியாக அந்தத் தொழிலுக்குள் நுழைகிறான் என்பது முக்கியம்.

சாதி எழுதாத தொழில்

இந்தத் தொழிலைப் பற்றி முதலிலே ஒன்று சொல்லவேண்டும். மண்வேலை இவனுக்கு, மரவேலை அவனுக்கு, தோல்வேலை இன்னொருவனுக்கு என்று பிறப்பைப் பார்த்துப் பங்கு போட்டவர்களின் பட்டியலிலே டீசல் எஞ்சின் இல்லை! பட்டியல் போட்ட நாளிலே எஞ்சின் பிறக்கவில்லை. ஆகவே, 'இது எங்கள் குலத்துக்கு உரியது' என்று உரிமை கொண்டாட எவரும் இல்லை. ஸ்பானர் பிடிக்கும் கையின் சாதியை நட்டும் கேட்பதில்லை, போல்ட்டும் கேட்பதில்லை.

1953-ம் ஆண்டிலே, பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் சென்னை மாநிலத்திலே வந்தது. குலக்கல்வி என்று சொல்லித் தமிழகமே கொதித்தது. ஆட்சி மாறி, 1954-ம் ஆண்டிலே அந்தத் திட்டம் ஒழிந்தது. எந்தத் தொழிலும் இழிவு என்று அன்று போராடியவர்கள் சொல்லவில்லை. தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பிள்ளை, அவன் பிறந்த வீடு அல்ல என்றுதான் சொன்னார்கள். கொத்தனார் மகன் எஞ்சின் தொழிலை விரும்பித் தேடிப் போகிறான் என்றால், அந்தப் போராட்டத்தின் பலன்களிலே அதுவும் ஒன்று. தோழர் இதிலே வருந்துவதற்கு எதுவுமில்லை.

டீசல் யார்?

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது ஒரு மனிதனின் பெயர். ருடால்ஃப் டீசல். 1858-ம் ஆண்டு பாரிஸ் நகரிலே பிறந்தவர், பெற்றோர் ஜெர்மானியர். தந்தை தோல் சாமான் செய்து பிழைத்தவர். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. குடும்பம் பிரான்சை விட்டு லண்டனுக்கு ஓடியது. பையனை மட்டும் ஜெர்மனியிலே ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே தொழிற்பள்ளியிலே படித்தான். மியூனிக் பாலிடெக்னிக் அவனுக்கு உதவித்தொகை தர முன்வந்தது. 'படித்தது போதும், வேலைக்குப் போ' என்றுதான் பெற்றோர் விரும்பினார்கள். அவன் கேட்கவில்லை, படிக்கப் போனான். ஆனால் ஏட்டோடும் நின்றுவிடவில்லை. நோய் வந்து பரீட்சை தள்ளிப்போன காலத்திலே, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஞ்சின் தொழிற்சாலையிலே கையைக் கறையாக்கிக்கொண்டு வேலை பழகினான். அந்தப் பையன் செய்த எஞ்சின் 1897-ம் ஆண்டிலே வெற்றியோடு ஓடியது. 1900-ம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியிலே அந்த வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயிலே ஓடிக்காட்டியது!

இந்தக் கதையை ஏன் சொல்கிறோம்? பள்ளியா, பட்டறையா என்ற கேள்விக்கு, எஞ்சினைப் படைத்தவனின் வாழ்க்கையே விடை சொல்கிறது. முதலிலே பள்ளி, பிறகு பட்டறை. இரண்டும் வேண்டும், அந்த வரிசையிலே வேண்டும்.

'கோவை ஜி.டி. நாயுடு எந்தக் கல்லூரியிலே படித்தார்?' என்று உடனே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. கலங்கல் கிராமத்திலே பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டு, உணவு விடுதியிலே வேலை செய்து சேர்த்த பணத்திலே மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவர் அவர். 1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கி, பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே உண்டாக்கியவர். உண்மை. ஆனால் அவர் பிறகு என்ன செய்தார்? 'என்னைப் போல் எல்லோரும் பள்ளியை விட்டு ஓடுங்கள்' என்றா சொன்னார்? 1945-ம் ஆண்டிலே கோவையிலே ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் பிறக்கக் காரணமானார். அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். பாடத்தைச் சுருக்கி, செய்முறையைப் பெருக்கி, குறைந்த காலத்திலே பிள்ளைகளைத் தேர்ச்சி பெறவைக்கலாம் என்று வாதாடினார். ஆட்சியாளர் அதை ஏற்கவில்லை, அவர் விலகினார். பள்ளி இல்லாமல் தொழில் கற்றவர், பிறருக்குப் பள்ளி வேண்டும் என்றார்! நாயுடுவைச் சான்றுக்கு அழைப்பவர்கள் அவர் வாழ்க்கையின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாகாது.

மைத்துனரின் பட்டறை

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். மைத்துனரின் பட்டறையை நாம் இகழவில்லை. இந்நாட்டு லாரிகள் ஓடுவது சாலையோரப் பட்டறைகளால்தான். சத்தத்தைக் கேட்டே 'ஒரு நாசில் சரியில்லை' என்று சொல்லும் மேஸ்திரிகள் அங்கே இருக்கிறார்கள். கையின் அறிவு பெரிய அறிவு.

ஆனால் அங்கே சேரும் பையனுக்கு முதல் ஆண்டிலே கிடைப்பது என்ன? டீ வாங்கிவருவது, டீசலிலே சாமான் கழுவுவது, சக்கரம் கழற்றுவது, திட்டு வாங்குவது. மேஸ்திரிக்கு மனமிருந்தால் சொல்லித் தருவார். மனமில்லாவிட்டால் முக்கியமான வேலை வரும்போது 'கடைக்குப் போய்வா' என்பார். பத்தாண்டு கழித்து அவனுக்குத் தொழில் தெரியும். தெரியும் என்பதற்குத் தாள் ஒன்றும் இருக்காது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனைக்கோ, ரயில்வேக்கோ, பெரிய தொழிற்சாலைக்கோ விண்ணப்பம் போட முடியாது. தொழில் தெரிந்தவன் வெளியே நிற்பான். தாள் வைத்திருப்பவன் உள்ளே போவான்.

அதைவிடப் பெரியது உயிர். டீசல் எஞ்சினிலே தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை உள்ளே இழுத்து, பதினாறு, பதினெட்டுப் பங்கு அமுக்கும்போது எழும் சூட்டிலேதான் எண்ணெய் பற்றுகிறது. அந்த எண்ணெயைப் பனித்துளிபோலப் பீச்சியடிக்க வேண்டும். இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களிலே அந்த அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று போகிறது. லாரி டயரிலே அடைக்கும் காற்றைப்போல் இருநூறு மடங்குக்கு மேல்! எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயிலே கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பையனின் தோலைத் துளைத்துக்கொண்டு எண்ணெய் உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு சிறு புள்ளிதான் தெரியும். 'ஒன்றுமில்லை' என்று துடைத்துக்கொண்டு போனால், சில மணி நேரத்திலே கை வீங்கும். விரலை, சமயத்தில் கையையே இழக்க நேரிடும். உடனே அறுவை மருத்துவரிடம் ஓடவேண்டிய காயம் அது. இதைப் பையனுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பட்டறைகள் எத்தனை?

ஜாக்கியை மட்டும் நம்பி, முட்டுக் கொடுக்காமல் லாரிக்கு அடியிலே படுப்பது இன்னொன்று. அடைத்த கொட்டகையிலே எஞ்சினை ஓடவிட்டுப் புகையைச் சுவாசிப்பது மற்றொன்று. டீசல் புகை புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. பதினைந்து வயதிலே அந்தப் புகைக்குள் போகும் பிள்ளை எத்தனை ஆண்டு அதைச் சுவாசிக்க வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 'தொழில் என்றால் அப்படித்தான்' என்று சொல்வது வீரமல்ல, தோழர்களே. பிறர் உயிரை மலிவாக மதிப்பது.

வண்ணத் தாளும் வாக்குறுதியும்

தனியார் பயிற்சி நிலையம் எல்லாமே தீது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். கொடுக்கும் சான்றிதழ் தேசியத் தொழிற்சான்றிதழா, அல்லது நிலையமே அச்சடித்த தாளா? பயிற்சிக் கூடத்திலே உண்மையான எஞ்சின்கள் எத்தனை. பிள்ளைகள் எத்தனை பேர்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள். அவர்களில் இருவரை நேரிலே பார்க்க முடியுமா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், வண்ணத் தாளை மடித்துப் பையனின் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுவிடலாம். 'வேலைக்கு நாங்கள் பொறுப்பு' என்ற சொல்லுக்கு எழுத்திலே கையெழுத்துக் கேட்டால், பல வாய்கள் மூடிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையையும் தள்ளிவிடவில்லை. பிள்ளைக்கு ஏட்டுப் படிப்பிலே ஆசை இருந்தால் மேலே படிக்கட்டும், நிச்சயம் படிக்கட்டும். ஆனால் எஞ்சினை நாடும் பிள்ளையை, ஊரார் மெச்சவேண்டும் என்பதற்காகக் கடன் வாங்கி வேறு திசையிலே தள்ளுவது சரியல்ல. ஐ.டி.ஐ. வழியாகப் போகிறவனுக்கு அந்தக் கதவு மூடியும் போவதில்லை. அதை இப்போது சொல்கிறோம்.

ஓராண்டா, ஈராண்டா?

இந்திய அரசு 1950-ம் ஆண்டிலே தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியிலே வந்தவைதான் இன்றைய தொழிற்பயிற்சி நிலையங்கள். பத்தாம் வகுப்புத் தேறியவன் டீசல் மெக்கானிக் பிரிவிலே சேரலாம், அது ஓராண்டு. மோட்டார் வாகன மெக்கானிக் என்று இன்னொரு பிரிவு இருக்கிறது, அது ஈராண்டு. இரண்டிலும் எஞ்சின் உண்டு. ஈராண்டுப் பிரிவிலே கியர், பிரேக், ஸ்டியரிங், மின்சாரம் எல்லாம் விரிவாக வரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? குடும்ப நிலைமை இடம் கொடுக்குமானால் ஈராண்டு என்போம். காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவன், உரிய பிரிவிலே பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலே நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தால், பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலே நேரடியாக நுழையலாம். அதாவது, பக்கத்து வீட்டுக்காரர் காட்டிய மாடிக்குப் போக இங்கேயும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. நடுவிலே எந்தப் படியில் நின்றாலும் கையிலே ஒரு தொழில் இருக்கும். ஓராண்டுப் பிரிவிலே இந்த வசதி இல்லை. சீக்கிரமாகக் கூலி வீட்டுக்கு வந்தாகவேண்டும் என்ற நிலையிலே உள்ளவர்களுக்கு ஓராண்டு டீசல் பிரிவு பொருந்தும், அதிலும் குறைவில்லை.

செலவு? தமிழ்நாட்டு அரசு நிலையங்களிலே பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடநூல், பஸ் பாஸ் என்று உதவிகள் அளிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அரசுப் பள்ளியிலே படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின, ஐ.டி.ஐ. மாணவர்களையும் அவை சேர்த்துக்கொண்டன. சேரும் ஆண்டிலே எது எந்த அளவிலே கிடைக்கும் என்று நிலையத்திலே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படூரிலிருந்து செங்கற்பட்டு அரசு நிலையத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். கிண்டிக்கும் ஏறத்தாழ அதே தூரம். எங்கே எந்தப் பிரிவிலே எத்தனை இடம் என்பதை அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பிலே பார்த்து, நாள் தவறாமல் விண்ணப்பம் போடவேண்டும்.

தோழருக்கு மகள் இருந்து, அவளும் எஞ்சின் மேல் ஆசை வைத்தால்? இதே பதில்தான். ஸ்பானர் சாதி கேட்பதில்லை என்றோமே, ஆணா பெண்ணா என்றும் அது கேட்பதில்லை.

பழகுநர் என்றால் பண்ணையாள் அல்ல

ஐ.டி.ஐ. முடிந்ததும் மைத்துனரின் பட்டறைக்குப் போகலாமா? இப்போதும் அவசரப்படலாகாது. நடுவிலே ஒரு படி இருக்கிறது. தொழில் பழகுநர் பயிற்சி. 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இதற்காகவே வந்தது. 2019-ம் ஆண்டிலே திருத்திய விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்தே ஆகவேண்டும். மொத்த ஆட்களிலே நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை. ஒப்பந்தத் தொழிலாளரும் இந்தக் கணக்கிலே சேர்த்தி. மாதச் சம்பாவனையாக, கல்வித் தகுதியைப் பொறுத்து, குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை அந்த விதிகள் வரையறுத்தன. அது போதாது, உயர்த்தவேண்டும் என்று 2025-ம் ஆண்டிலே மத்திய அப்ரண்டிஸ் கவுன்சிலே பரிந்துரைத்தது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளிலே பழகுநராக இருந்தவன் பஸ் எஞ்சினை இறக்கி ஏற்றுவதைக் கண்ணாலும் கையாலும் கற்கிறான். முடிவிலே தேசியப் பழகுநர் சான்றிதழும் பெறலாம்.

இதிலே ஒரு பள்ளம் இருக்கிறது. அதை மறைக்க நாம் தயாராயில்லை. சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுகிறவன். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்தச் சந்திலே நுழைந்துதான் சில முதலாளிகள் ஆண்டுக்கு ஒரு கூட்டத்தைப் பழகுநர் என்று உள்ளே எடுத்து, முழுத் தொழிலாளியின் வேலையை வாங்கிக்கொண்டு, ஆண்டு முடிவிலே வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டத்தை எடுக்கிறார்கள். பயிற்சி என்ற பெயரிலே பாதிக் கூலி! இதை எதிர்த்துக் குரல் கொடுக்கவேண்டியது தொழிற்சங்கத்தின் வேலை. 'பழகுநர்கள் நம் உறுப்பினர் அல்லவே' என்று சங்கம் ஒதுங்குமானால், நாளைக்கு நிரந்தரத் தொழிலாளியின் இடமும் அந்த வழியாகவே பறிபோகும்.

1995-ம் ஆண்டிலே, உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பழகுநர்கள் தொடர்ந்த வழக்கிலே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. மற்றத் தகுதிகள் சமமாக இருக்குமானால், நேரடியாக வரும் ஆளைவிடப் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றது. பணிமனை வாசலிலே நிற்கும் நம் பிள்ளைகளிலே எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிய வைப்பது நம் வேலை.

டீசல் செத்துவிடுமா?

'எல்லாம் மின்சார வண்டியாகப் போகிறது. இந்த நேரத்திலே டீசல் படிப்பதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி பொய்யல்ல. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற புகைக் கட்டுப்பாடு வந்தது. மாருதி நிறுவனம் டீசல் கார் தயாரிப்பையே அப்போது நிறுத்திக்கொண்டது. 2025 ஜூன் 30-ம் நாள் சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் கிளம்பின. இதைக் கண்ணை மூடிக்கொண்டு மறுப்பது அறிவீனம்.

ஆனால் கனரக லாரியும், டிராக்டரும், மண் வெட்டும் இயந்திரமும், படகும், ஜெனரேட்டரும் ஒரே இரவிலே மாறிவிடாது. இன்று விற்பனையாகும் லாரி இன்னும் பல ஆண்டு ஓடும், ஓடும்வரை பழுதாகும். மாறியிருப்பது மெக்கானிக்குக்கு வேண்டிய அறிவு. இன்றைய டீசல் வண்டியிலே சென்சார் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கணினி இருக்கிறது. புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் பீச்சும் அமைப்பு இருக்கிறது. சத்தத்தைக் கேட்டால் மட்டும் போதாது. ஸ்கேனரை மாட்டிக் குறியீட்டைப் படிக்கவும் தெரியவேண்டும், மல்டிமீட்டர் பிடிக்கவும் தெரியவேண்டும். இந்த அறிவை டீ வாங்கி வந்து கற்றுக்கொள்ள முடியாது. மின்சார வாகன மெக்கானிக் என்ற ஈராண்டுப் பிரிவும் ஐ.டி.ஐ.க்களிலே வந்துவிட்டது. தமிழ்நாட்டிலே 71 அரசு நிலையங்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய இயந்திரங்களோடு உயர்த்தும் திட்டமும் வந்தது. டீசல் படித்தவன் மின்சாரத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். சக்கரம் உருளும் வரை, அதைப் பழுது பார்க்கிறவனுக்கு வேலை உண்டு. ஆனால் சக்கரத்தோடு அவனும் நகரவேண்டும்.

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மறைமலைநகரிலே ஃபோர்டு தொழிற்சாலை கார்களையும் எஞ்சின்களையும் செய்தது. 2021 செப்டம்பரிலே மூடப்போவதாக அறிவித்தார்கள்; 2022-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. கம்பெனி எவ்வளவு பெரியது என்பது தொழிலாளிக்குப் பாதுகாப்பல்ல என்று அன்று கண்டோம். வரிசையிலே நின்று ஒரே நட்டை ஆண்டுக்கணக்காக முடுக்கியவன் வெளியே வந்தால், அந்த நட்டு வேறெங்கும் இல்லை. எஞ்சின் முழுவதும் தெரிந்தவன் வெளியே வந்தால், எஞ்சின் இருக்கும் இடமெல்லாம் அவனுக்கு வாசல். ஆகவே, கம்பெனியின் பெயரைப் பார்த்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முழுத் தொழிலைக் கற்றுத் தருமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தோழர்களுக்கு வேலை

ஆகவே, படூர்த் தோழருக்கு நம் பதில் இது. பையனை அரசு ஐ.டி.ஐ.யிலே சேருங்கள், முடிந்தால் ஈராண்டுப் பிரிவு. பிறகு பழகுநர் பயிற்சி. அதற்குப் பிறகு மைத்துனரின் பட்டறைக்குப் போகட்டும். அப்போது கையாளாக அல்ல, மைத்துனருக்கே ஸ்கேனர் பிடிக்கக் கற்றுத் தருபவனாகப் போவான்! விடுமுறை நாளிலே இப்போதே போய்க் கண்ணால் பார்த்துவரட்டும், அதைத் தடுக்கவேண்டாம்.

மைத்துனரின் பட்டறையிலே ஏற்கெனவே பல ஆண்டுகளாக உழைக்கும் பிள்ளைகள் இருப்பார்களே, அவர்கள் கதி? அவர்களையும் கைவிடலாகாது. தொழிலிலே அனுபவம் உள்ளவர்கள், உரிய வயதும் தகுதியும் இருந்தால், அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேறினால் அவர்கள் கையிலும் தேசியச் சான்றிதழ். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை எவனாவது அங்கே சாமான் கழுவிக்கொண்டிருந்தால், அவன் இடம் பட்டறையல்ல, பள்ளிக்கூடம். 2016-ம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் அதையேதான் சொல்கிறது.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வரும் வாரத்திலே சுவரொட்டி ஒட்டுவதைச் சற்று நிறுத்திவையுங்கள். உங்கள் தெருவிலே பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். தேறியவனுக்கு ஐ.டி.ஐ. விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுங்கள், தவறியவனுக்குத் துணைத் தேர்வு உண்டு என்று சொல்லி எழுத வையுங்கள், எட்டாம் வகுப்புத் தகுதியிலேயே வெல்டர், வயர்மேன் பிரிவுகள் உண்டு என்பதையும் சொல்லுங்கள். பழைய மாமல்லபுரம் சாலையிலே 30 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் எத்தனை, அவற்றிலே பழகுநர்கள் எத்தனை பேர், அவர்களிலே உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு அதிகாரியைப் பாருங்கள், சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். அவர்கள் நம்மவர்களாக இருந்தாலும் கேளுங்கள். நம்மவர்களாக இருந்தால் இன்னும் உரக்கக் கேளுங்கள்!

சாலைக்கு நிலம் கொடுத்தது இந்த ஊர். கட்டிடத்துக்குக் கல் சுமந்தது இந்த ஊர். அந்தக் கட்டிடத்தின் பின்புறத்திலே உறுமும் எஞ்சினையாவது இந்த ஊர்ப் பிள்ளை ஆளட்டும். கல் சுமந்த தந்தையின் மகன் கருவிப் பெட்டியோடு அதே வாசலிலே நுழையும்போது, காவற்காரர் எழுந்து கதவைத் திறந்துவிடுவார். அந்த நாளுக்காக ஈராண்டு காத்திருப்பது நீண்ட காலமல்ல, தோழரே. விண்ணப்பத்தை வாங்கிவிட்டு நமக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.